மலைப்படம் போட்ட தண்ணீர்

அக்கா சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். ஓர் அலுவலகக் கேன்டீனில் அண்டா அண்டாவாகச் சமைக்கிறவள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள் என்று எந்த ஜென்மமும் சொல்ல முடியாது. அடுப்பின் பக்கம் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாள். உப்புச் சாடிக்குள் கையை விடுவாள், அள்ளுவாள், போடுவாள், அவ்வளவுதான். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. உப்புக்கை அக்கா என்றே அங்கே பெயர். "நானே ருசி பாத்துட்டா அப்புறம் அது எச்சில் சோறுதானே" என்பாள். உள்ளுக்குள் அது பெருமை. அந்தக் கையை அவள் நம்பிய அளவுக்குச் சாமியைக்கூட நம்பியதில்லை.

வீட்டில் அவளும் தம்பியும்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அம்மா, அப்பா, வாத்தியார், போலீஸ் எல்லாம் அவளே. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்தது. "இவனை ஒரு ஆளாக்கிட்டு" என்றாள். அவன் ஆளானான், ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஆனான், தலையில் நரைகூட விழுந்தது. அதற்குள் பேச்சு எடுத்தவர்கள் எல்லாம் பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள். சோறு வடித்ததும் முதல் கரண்டி தம்பி தட்டில்தான் விழும். அவன் சாப்பிடாமல் அவள் வாயில் ஒரு பருக்கை போகாது. இது அந்த வீட்டுச் சட்டம்.

தம்பிக்குக் குடியில்லை, சீட்டாட்டம் இல்லை. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அது அவனுடைய அறையில், கடை மூடிப்போன யாரோ கொடுத்த கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜுக்குள் வளர்ந்தது.

குடுவைச் செடி. இலை நீண்டு, அதன் நுனி கொடியாக இறங்கி, அந்தக் கொடியின் முடிவில் ஒரு குடுவை தொங்கும். உள்ளே தண்ணீர், மேலே ஒரு மூடி. ஈயோ எறும்போ வாசனைக்கு வந்து விளிம்பில் வழுக்கி விழுந்தால் கதை முடிந்தது. உயர்ந்த மலையில், மேகம் உரசும் இடத்தில் முளைக்கும் ஜாதி. பகலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளும், இரவில் குளிராவிட்டால் குடுவையே வைக்காது. இவர்கள் ஊரிலோ இரவில் சுவரைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடும். அதனால்தான் ஃபிரிட்ஜ். பகலுக்கு ஒரு அளவு, இரவுக்கு ஒரு அளவு என்று அதன் சூட்சுமத்தை மாற்றி, விளக்கு வைத்து, சின்ன விசிறி வைத்து, ஈரப்புகை வரும்படி செய்து, தம்பி அதற்குள் ஒரு மலையையே கட்டி வைத்திருந்தான். விரல் அளவு நாற்றாக வாங்கியது. இப்போது அதன் ஒரு குடுவைக்குள் அவன் முஷ்டி போகும்.

அக்காவுக்கு அதைக் கண்டால் ஆகாது. "பூ கிடையாது, காய் கிடையாது, வாயைத் திறந்துகிட்டு எவன் விழுவான்னு தொங்குது. மாமியார்!" என்றாள் ஒரு நாள்.

"ரொம்பப் பொருத்தம்" என்றான் தம்பி. "உனக்கும் மாமியார் இல்ல, எனக்கும் இல்ல. அந்தக் குறையைத் தீர்க்க வந்திருக்கா, விடு."

அன்றிலிருந்து அந்தச் செடிக்கு மாமியார் என்றே பெயர் ஆகிவிட்டது. மாமியாருக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அறையில் இருந்த ஏசியின் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை ஜன்னலோரம் ஒரு நீல பக்கெட்டில் பிடித்து, அதைத்தான் தம்பி ஊற்றுவான். காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர், மழைக்குச் சமம் என்பான். கேன்டீனில் தரை துடைக்கக்கூட அக்கா அந்த மாதிரித் தண்ணீரைத் தொடமாட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தம்பியின் கால் வீங்கியது. அப்புறம் முகம். கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்றார் டாக்டர். வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவி வாங்கிக்கொண்டு வரவேண்டும். தண்ணீரை அளந்து குடிக்கவேண்டும். உப்பு கூடவே கூடாது.

"கொஞ்சம்கூடவா?" என்றாள் அக்கா.

"நமக்குக் கொஞ்சம் கூடுதலா உப்பு போனா உடம்பு வெளிய தள்ளிடும்மா. இவருக்கு அந்த வழி அடைச்சுப் போச்சு. கொஞ்சம் கொஞ்சமா உள்ளேயே சேர்ந்துக்கிட்டு இருக்கும்" என்றார் டாக்டர் பொறுமையாக. அக்கா தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவதற்கு என்ன செலவு?

உப்பில்லாமல் சமைத்தாள், இல்லையென்று சொல்லவில்லை. முதல் மாதம் முழுக்கச் சமைத்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? தம்பி இரண்டு வாய் தின்பான், மூன்றாவது வாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். "நாக்கு செத்துப்போச்சுக்கா" என்று தட்டைத் தள்ளுவான். ஊருக்கே ருசியாகப் போடுகிறவள், சொந்தத் தம்பி தட்டைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள்? கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. நோய் கொல்கிறதோ இல்லையோ, பட்டினி கொன்றுவிடும் என்று பயந்தாள்.

ஒரு நாள் காய் வதக்கும்போது கை தானாகச் சாடிக்குப் போனது. ஒரு சிட்டிகை. ஒரே ஒரு சிட்டிகை, ஒரு குழந்தையின் கண்ணீர் அளவு. அதுவா ஒரு ஆம்பளையைச் சாய்த்துவிடும்?

அன்று தம்பி தட்டை வழித்துத் தின்றான். "இன்னிக்கு நல்லாயிருக்குக்கா. நாக்கு பழகிடுச்சு போல."

அந்த ஒரு சொல் போதும். அக்காவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் தின்னமாட்டான், அவன் அப்படி. டாக்டர் சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம்கூட அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டான், "உப்பே இல்லாம தின்னப் பழகிட்டேன் சிஸ்டர்."

அதற்குப் பிறகுதான் தாகம் வந்தது.

சாதாரணத் தாகமா அது! உதடு வெடித்தது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் எடை மெஷினில் ஏற்றுவார்கள். ஏறவேண்டியதைவிடக் கூடவே ஏறியிருக்கும். எல்லாம் தண்ணீர். "என்ன சார், தண்ணித் திருடன் வந்தாச்சா?" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரிப்பார்கள். தம்பியும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க தம்பி உங்களுக்குத் தெரியாம தண்ணி குடிக்கிறார். நீங்கதான் காவல் இருக்கணும்."

இருந்தாளே! சமையலறைக்குப் பூட்டு போட்டாள். குளியலறைக் குழாயின் திருகைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டாள். ஒரு சின்ன டம்ளரில் அளந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். பூட்டு ஒரு கையில், உப்பு ஒரு கையில். அடிப் பாவி மகளே என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அப்போது யார் இருந்தார்கள் சொல்ல?

ஒரு மதியம் கேன்டீனில் சீக்கிரம் வேலை முடிந்து வந்தாள். தம்பியின் அறை ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவன் ஜன்னலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் மக்கு. நீல பக்கெட்டிலிருந்து மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தான். தொண்டைக்குமிழ் ஏறி ஏறி இறங்கியது.

"என்னடா பண்ற?"

மக்கு கீழே விழுந்தது. "வாய் கொப்பளிச்சேன்."

"கொப்பளிச்சவன் துப்பணும்ல? எங்க துப்பின, காட்டு."

அவன் விழுந்த மக்கை எடுத்து பக்கெட்டுக்குள் போட்டான்.

"ஏசியில ஒழுகுற தண்ணிடா அது! நாய்கூட மோந்துட்டுப் போயிடும். மானம் ரோஷம் எல்லாம் விட்டுட்டியா? உனக்காக நான் எப்படி ஓடுறேன், நீ இங்க உட்கார்ந்து..." என்று அவள் கத்தத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

நரைத்த தலையோடு அவன் அழுதான். "முடியலக்கா. சத்தியமா முடியல. பக்கத்துக் கட்டில்காரர் ரெண்டு டம்ளர்ல ஒரு நாளை ஓட்டுறாரு. அவரும் மனுஷன்தானே? எனக்கு மட்டும் ஏன் மனசுல பலம் இல்ல? தண்ணிக்குத் திருடுற அளவுக்கா நான் கேவலமா போயிட்டேன்?"

அக்காவும் உட்கார்ந்து அழுதாள். தலையைத் தடவினாள். அன்று மாலைச் சாப்பாட்டில், அழுத பிள்ளைக்கு என்று, கை ஒரு சிட்டிகை கூடவே அள்ளியது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். கேன்டீனில் முட்டை திருடி மாட்டிக்கொண்டவனிடம் அவளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்ன பழமொழிதான் இது. ஊரில் எத்தனை பேருக்குச் சொன்னாளோ. சொன்ன வாய்க்குப் பக்கத்தில்தானே காது இருக்கிறது, அதற்குக் கேட்கவில்லை பாருங்கள்.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் தம்பிக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இதயம் வீங்கிப் போயிருக்கிறது, சில வாரம் இங்கேயே இருக்கட்டும், இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்காது என்றார் டாக்டர். அதை அவன் காதுபடவே சொன்னார், திருந்தட்டும் என்று.

மூச்சு கொஞ்சம் சீரானதும் தம்பி கேட்ட முதல் கேள்வி மாமியாரைப் பற்றி. "உச்சியில ஒரு புதுக் குடுவை வந்திருக்குக்கா. இவ்வளவு பெருசா இதுவரைக்கும் வந்ததில்ல. மூடி இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, எப்ப வேணா திறக்கும். திறந்தா படம் எடுத்து அனுப்பு."

"சரிடா."

"பக்கெட் தண்ணி மட்டும்தான் ஊத்தணும். வேற ஒரு சொட்டு ஊத்தாத. மறக்கமாட்டியே?"

"மறக்கமாட்டேன்டா."

மறக்கவில்லை. அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் காரியம், அந்த நீல பக்கெட்டைத் தூக்கி, இருந்ததையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்து, பக்கெட்டைக் குப்பை வண்டியில் போட்டதுதான். ஏசிக் குழாயை ஜன்னலுக்கு வெளியே இழுத்துவிட்டாள். இவன் திரும்பி வரும்போது அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது. அந்த பக்கெட்தான் அவனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது என்று அவள் தாலி இல்லாத கழுத்தில் அடித்துச் சத்தியம் செய்வாள்.

சரி, மாமியாருக்கு? அதற்கும் யோசனை வைத்திருந்தாள். தம்பிக்கு எப்போதும் தனக்கென்றால் ஓட்டை உடைசல்தான். ஊரான் வீட்டு ஏசியெல்லாம் பளபளவென்று வைப்பான், அவன் வீட்டு மின்விசிறி கிறீச் கிறீச் என்று கத்தும். செடிக்கும் அதே கஞ்சத்தனம், ஒழுகுகிற தண்ணீர். பாவம், அதுவும் ஓர் உயிர். அவன் இல்லாத நேரத்திலாவது நல்லதாக ஊற்றுவோமே என்று கடைக்குப் போனாள். அலமாரியில் பனிமலைப்படம் போட்ட தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். மலைச் செடிக்கு மலைத் தண்ணீர், இதைவிடப் பொருத்தம் உண்டா?

கடைக்காரர் கண்ணை விரித்தார். "யாருக்குக்கா இவ்வளவு ஒசத்தி? வெளிநாட்டு விருந்தாளியா?"

"மாமியாருக்கு" என்றாள் அக்கா. அவள் மனசாரச் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலையில் கண்ணாடிக் கதவைத் திறப்பாள், மலைத் தண்ணீரைப் பாசி நனைய ஊற்றுவாள், "குடி, மகராசி" என்பாள். தொட்டியில் மண் கிடையாது, செடி நிற்பதே பஞ்சு போன்ற ஒரு பச்சைப் பாசியில்தான். உச்சியில் அந்தப் புதுக் குடுவை மூடிய வாயோடு பருத்துக்கொண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினாள். தம்பி உடனே கூப்பிட்டான்.

"இன்னும் ரெண்டு மூணு நாள்ல திறந்துடும் போலிருக்கே! நீ கைராசிக்காரிக்கா."

"பின்ன? நீ எப்படி இருக்க?"

"அதான் ஆச்சரியமா இருக்கு. இங்க தாகமே எடுக்கல. சோறு மண்ணு மாதிரி இருக்கு, ஆனா தாகம் இல்ல. எடைகூட ஏறல. டாக்டர் என்ன சொல்றார் தெரியுமா? 'காவல் இருந்தா கட்டுப்பாடா இருக்கீங்க, வீட்டுக்குப் போனா திருடறீங்க'ன்னு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்."

"வீட்டுக்கு வா. மண்ணையெல்லாம் நான் தின்ன விடமாட்டேன்" என்றாள் அக்கா. ஆஸ்பத்திரிச் சமையல்காரனை நினைத்து அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் குடுவை திறக்கவில்லை. முதலில் பாசியின் பச்சை மங்கியது, ஓரங்களில் பழுப்பாகி, பிறகு கருத்தது. பழைய குடுவைகளின் விளிம்பு சுருங்கி, காய்ந்த வாழைப்பழத்தோல் மாதிரி ஆயிற்று. செடிக்குத் தாகமாக இருக்கும் என்று அக்கா நினைத்து, காலையில் ஊற்றியதை மாலையிலும் ஊற்றினாள். தம்பி படம் கேட்டபோது, பாசி தெரியாமல் உச்சியை மட்டும் எடுத்து அனுப்பினாள். "நல்லாயிருக்குடா, நீ உடம்பைப் பாரு" என்றாள். தனியாக ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று, "ஏண்டி, என் மானத்தை வாங்கற? இதைவிட ஒசத்தியா எங்கடி போய் வாங்குவேன்?" என்று கெஞ்சினாள்.

தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இளைத்திருந்தான், ஆனால் முகத்தில் வீக்கம் இல்லை, உதடு வெடிப்பு ஆறியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குப் போனான். அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா."

போனாள். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். தொட்டியை மடியில் வைத்திருந்தான். இலைகள் துவண்டு கிடந்தன. திறக்காமலே கருத்துப்போன அந்தப் பெரிய குடுவை அவன் முழங்கையில் சாய்ந்திருந்தது. அவன் திட்டவில்லை. ரிப்பேருக்கு வந்த மெஷினைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்தான்.

"உப்பு" என்றான். "என்ன தண்ணி ஊத்துன?"

அக்கா மூலையில் அடுக்கியிருந்த காலி பாட்டில்களைக் காட்டினாள். மலைகள் வரிசையாக நின்றன.

"பக்கெட்?"

"தூக்கிப் போட்டுட்டேன். நீ வந்தா மறுபடியும் அதுல குடிப்பேன்னு பயந்துட்டேன்டா. அதுவும் அந்த அழுக்குத் தண்ணி. இதுதான் கடையிலேயே நல்ல தண்ணின்னு..."

"நல்ல தண்ணிதான். நமக்கு" என்றான். குரல் ஏறவில்லை. "இதுல ருசிக்குன்னு உப்பு சத்தெல்லாம் கலக்குறாங்க. இது மழையில வளர்ற ஜாதிக்கா. இதோட வேருக்கு உப்புன்னா என்னன்னே தெரியாது. கொஞ்சம்தானேன்னு நாம ஊத்துவோம். ஆனா உள்ள போனது வெளிய வர வழியில்ல. தண்ணி காஞ்சு போயிடும், உப்பு மட்டும் தங்கிடும். தினம் தினம் சேர்ந்துக்கிட்டே..."

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம்தானே. வெளியே வர வழியில்லை. சேர்ந்துகொண்டே இருக்கும். இதை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பொறுமையாகச் சொல்ல, தலையை ஆட்டிக் கேட்டிருக்கிறாள். அவளுடைய வலது கை தானாகப் போய்ப் புடவைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டது.

தம்பி பேச்சை நிறுத்தினான். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிறவன் அவன். அக்காவின் முகத்தைப் பார்த்தான். தலைப்புக்குள் போன கையைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் எடுக்காத தாகத்தை நினைத்திருப்பான் போலிருக்கிறது.

"அக்கா, என் சாப்பாட்டுல?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "கொஞ்சம்தான்டா" என்றாள். "ஒரு சிட்டிகைதான். நீ தட்டைத் தள்ளுனப்போ என்னால பாக்க முடியல. செத்துப்போயிடுவியோன்னு..."

தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவன் தடுக்கவும் இல்லை, அடி என்று சொல்லவும் இல்லை. மடியிலிருந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ நான் திருடன் இல்ல" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அத்தனை மாதமும் அவன் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டிருந்தானே, அதை இறக்கி வைத்த குரல் அது. திட்டியிருந்தால் அக்கா பொறுத்திருப்பாள். அந்தச் சொல்லை அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய் இடுப்பிலிருந்த குழாய்த் திருகையும் சமையலறைச் சாவியையும் அவன் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

வேறு ஒரு பக்கெட் வைத்து ஏசிக் குழாயை உள்ளே இழுத்துவிட்டார்கள். தண்ணீர் சேரச் சேர, தம்பி சொல்லச் சொல்ல, அக்காவே தொட்டியில் ஊற்றினாள். மேலே ஊற்றி, அடியில் வடியவிட்டு, வடிந்ததைக் கொட்டிவிட்டு, மறுபடியும் ஊற்றினாள்.

"மாமியாருக்கு டயாலிசிஸ்" என்றான் தம்பி. பழைய கேலிதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. "பொழைக்குமாடா?" என்று கேட்டாள். "வேரு எவ்வளவு போயிருக்குன்னு தெரியல. பாக்கலாம்" என்றான். ஏறக்குறைய இதே வார்த்தைகளை டாக்டரும் அன்று காலையில் அவனுடைய இதயத்தைப் பற்றிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் அக்கா சமைத்தாள். உப்புச் சாடியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். அப்படியும் காய் வதங்கும்போது கை பக்கவாட்டில் நீண்டு, சாடி இருந்த வெற்றிடத்தைத் துழாவியது. தன் கையைத் தானே தட்டிவிட்டாள். சோறு வடித்து, வழக்கம்போல் முதல் கரண்டியைத் தம்பியின் தட்டில் போட்டு, எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள்.

அவன் தட்டைத் தொடவில்லை.

"போடலடா. உன் மேல சத்தியமா போடல."

அவன் தட்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான். "நீ முதல்ல சாப்பிடு" என்றான்.

அவனிடம் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மின்சாரம் இருக்கிறதா என்று வயரைத் தொடுமுன் ஒரு தடவை சரிபார்ப்பானே, அந்த நிதானம்தான் இருந்தது. அரை டிராயர் போட்ட நாளிலிருந்து அவள் கையால் தின்றவன். அவள் விஷத்தைப் பிசைந்து கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தின்றிருப்பான். அந்தக் கண் இப்போது திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

அக்கா ஒரு கவளம் உருட்டினாள். வாயில் வைத்தாள். தன் சமையலை அடுப்புச் சூட்டோடு அவள் ருசி பார்த்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மென்றாள். தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கினாள்.

"இல்லடா" என்றாள்.

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான்.

மாமியார் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே தண்டு வரைக்கும் கருத்துவிட்டது. திறக்காத அந்தக் குடுவையைத் தம்பி கத்திரித்து எடுத்து, மூடியைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ஒரு வாய் தண்ணீர் இருந்தது. அப்படியே தொட்டியில் ஊற்றினான். அதற்குப் பிறகு அவனுக்குத் தாகம் எடுத்ததில்லை, எடை கூடியதில்லை, நர்ஸும் தண்ணித் திருடன் என்று கூப்பிட்டதில்லை. ஆனால் வீங்கிய இதயம் வீங்கியதுதான். அது எத்தனை நாள் ஓடுமோ அத்தனை நாள் ஓடிற்று. அத்தனை நாளும், ஒரு வேளை தவறாமல், முதல் கவளம் அக்காவுடையதாகத்தான் இருந்தது. கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. அவளே தட்டை வைப்பாள், உருட்டுவாள், விழுங்குவாள், சொல்வாள். அவன் தலையை அசைத்துவிட்டு வாங்கிக்கொள்வான்.

இப்போது கேன்டீனிலும் அக்கா ருசி பார்க்காமல் எதையும் இறக்குவதில்லை. "உப்புக்கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். வயசாகிவிட்டது என்கிறாள். வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் சமையல். உப்புச் சாடி இன்னும் பரணில்தான் இருக்கிறது. தட்டில் போட்டதும் ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்து, மென்று விழுங்கி, எதிரே பார்த்து, "இல்லடா" என்று சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சாப்பிடுகிறாள்.